பூட்டிய வீட்டுக்குள் ஒன்றரைக் கிலோ தூசி: எங்கள் கோவில்பட்டி வீட்டில் பார்த்தது

"பூட்டுன வீட்டுக்குள்ள எப்படிய்யா இம்புட்டுத் தூசி வரும்? யாரோ உள்ள வந்திருக்காக." வாசல் கதவைத் திறந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். 2023 மே மாதம் பூட்டிய வீட்டை 2024 ஜூலையில் திறக்கிறோம். பதினான்கு மாதம். முன் அறையில் அப்பா உட்காரும் நாற்காலியின் கைப்பிடியில் விரலை வைத்து இழுத்தேன், கறுப்புத் தேக்கு தெரிந்தது, இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் வரப்பு மாதிரி தூசி ஒதுங்கியது.

சாவி ஒன்று எங்களிடம், இன்னொன்று பக்கத்து வீட்டு அத்தையிடம். அம்மாவுக்கு அவர்கள் மதினி முறை, முப்பது வருஷப் பழக்கம். வெள்ளிக்கிழமை வாசலில் மட்டும் ஒரு விளக்கு வைத்தால் போதும், உள்ளே போக வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றைக்கு அம்மா குரலைத் தாழ்த்தி, "மதினி யாருக்கும் சாவியக் கொடுத்திருப்பாகளோ?" என்று கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. தூசிக்காக ஒரு மனுஷி மேல் சந்தேகம் விழுவதா? அதனால்தான் பெருக்குவதற்கு முன் இதை முழுசாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பார்த்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன், பூட்டிய வீடு ஊரில் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும்.

முதலில் வீடு எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி விடை அதில்தான் இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் பக்கம், ஊர் முடிந்து கரிசல் காடு ஆரம்பிக்கும் இடம். மேற்குப் பக்கம் ஒரு வீடும் கிடையாது. சுமார் 100 சதுர மீட்டர் தரை, 3 மீட்டர் உயரம், தளம் போட்ட கூரை, இரட்டைக் கதவு வைத்த பழைய மர ஜன்னல்கள் பத்து. சுவருக்குச் சுண்ணாம்பு. அடுப்படிக்கு மேலே மாமரப் பலகையில் ஒரு பரண்.

டார்ச் விளக்கைத் தரையோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்தேன். இதை எல்லாரும் ஒருமுறை செய்து பார்க்கலாம். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாத தரை, வெளிச்சம் பக்கவாட்டில் போனால் எல்லாவற்றையும் காட்டிவிடும். பல்லி நடந்த தடம், நடுவில் வால் இழுத்த கோடு. கரப்பான் போன கோடு. சுவர் ஓரமாக எலி ஒன்று ஒரே பாதையில் போய்வந்திருக்கிறது. ஆள் கால் தடம் ஒன்றுகூட இல்லை. வாசல்படியிலிருந்து பின்கதவு வரை தூசி ஒரே விரிப்பாகக் கிடந்தது. யாராவது ஒருநாள், ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்திருந்தால்கூட அந்த இடத்தில் மட்டும் தூசி மெலிந்து பாதம் தெரியும். அம்மாவைக் குனியச் சொல்லி அதைக் காட்டினேன். "அப்ப மதினி வரல" என்று சொல்லிவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சரி, யாரும் வரவில்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு அறையாகப் பார்த்ததில் தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழவில்லை. மேற்கு ஜன்னல்களுக்குக் கீழே கனமாக, கறுப்புக் கலந்த சாம்பல் நிறத்தில். ஜன்னலின் இரண்டு கதவும் சேரும் இடத்துக்கு நேர் கீழே ஒரு கோடு மாதிரியே படிந்திருந்தது. ஜன்னல் இல்லாத பூஜை அறையில் மெல்லிய படலம்தான். இரும்பு பீரோவுக்குள் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, அம்மாவின் சேலைகள் வைத்தபடி இருந்தன. பரணில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைக் குண்டானைத் தூக்கினால் அடியில் வட்டமாகச் சுத்தமான பலகை. ஆனால் பரணுக்குக் கீழே அடுப்படி மேடையில் வேறு மாதிரித் தூசி: மஞ்சளாக, மாவு மாதிரி, அங்கங்கே சின்னச் சின்னக் குவியல். வடக்குச் சுவர் ஓரத்திலோ வெள்ளையாக, விரலில் எடுத்தால் நறநற என்று.

மூன்று நிறம் என்றால் மூன்று வழி. இதைப் புரிந்துகொண்டது அன்றைக்குக் கிடைத்த பெரிய விஷயம். தூசி என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோமே தவிர, அது ஒரே பொருள் இல்லை.

மஞ்சள் மாவுக்கு விடை சீக்கிரம் கிடைத்தது. பரண் பலகையின் அடியில் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள். தட்டினால் மாவு கொட்டியது. மாமரம் உளுத்துப் போயிருக்கிறது, உள்ளே வண்டுப் புழு மரத்தைத் தின்று மாவாக்கி வெளியே தள்ளுகிறது. வெளியிலிருந்து ஒரு துகள்கூட வராமல் வீடே தன்னைத் தின்று உண்டாக்கிய தூசி அது. நாங்கள் குடியிருந்தபோதும் இது நடந்திருக்கும், அம்மா தினமும் மேடையைத் துடைத்துவிடுவதால் கண்ணில் படவில்லை.

வெள்ளைத் தூளில் கொஞ்சம் ஒரு தட்டில் எடுத்து எலுமிச்சம்பழத்தை நாலு சொட்டுப் பிழிந்தேன். பொங்கியது, சின்னச் சின்னக் குமிழாக. சுண்ணாம்பு. சுவரில் அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து இறுகுகிறது, புளிப்புப் பட்டால் அதே வாயுவை விட்டுவிடும், அதுதான் அந்தக் குமிழ். சுவர் ஏன் உதிர்கிறது என்றால், எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு. மழைக்காலத்தில் அஸ்திவாரத்திலிருந்து ஈரம் சுவரில் ஏறும், வெயிலில் ஈரம் மட்டும் வெளியேறும், உப்பு அங்கேயே தங்கிப் பூக்கும். பூக்கும்போது படிகம் வளர்ந்து பூச்சை உள்ளிருந்தே தள்ளுகிறது. ஐப்பசி கார்த்திகையில் ஊறிச் சித்திரையில் காய்ந்து, வருஷா வருஷம் ஒரு தோல் உரிகிற மாதிரி. ஜன்னலைத் திறக்க ஆளில்லாத வீட்டில் ஈரம் இன்னும் அதிக நாள் நிற்கும்.

கறுப்புச் சாம்பல் தூசிதான் அதிகம். அதை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். கொஞ்சம் உடனே அடியில் உட்கார்ந்தது, மிச்சம் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருந்தது, மறுநாள் காலையில்கூட முழுதும் தெளியவில்லை. கரிசல் மண்ணைக் கரைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சி. கரிசல் என்றால் களி மண், அதன் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே, ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமாராக 70 மைக்ரான் என்று வைத்தால் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

எப்படி உள்ளே வந்தது? கோவில்பட்டிக்காரர்களிடம் இதைக் கேட்டால் காற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் ஊரில் வெறும் பழமொழி இல்லை. தென்மேற்குப் பருவக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்தப் பக்கம் அடிக்கிறது, மழையை மலைக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வறண்ட காற்றாக. கயத்தாறைச் சுற்றி இவ்வளவு காற்றாலைகள் நிற்பது இதனால்தான். எங்கள் காட்டில் மானாவாரி விதைப்பு புரட்டாசி மழையை நம்பித்தான், ஆகவே ஆடியில் நிலம் கோடை உழவு முடிந்து வெறுமனே, பொடியாகக் கிடக்கும். காற்று பலமாக இருக்கும் நாலு மாதத்தில்தான் மண்ணும் மூடாக்கு இல்லாமல் கிடக்கிறது. எங்கள் வீட்டுக்கு மேற்கே அதைத் தடுக்க ஒரு சுவர்கூடக் கிடையாது. கூடவே நான்குவழிச் சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதி வேறு.

ஆனால் ஜன்னல் மூடித்தானே இருந்தது? இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ஒரு ஜன்னலை அளந்தேன். 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். சுற்றளவு 4.4 மீட்டர், நடுவில் இரண்டு கதவும் சேரும் கோடு 1.2 மீட்டர், மொத்தம் 5.6 மீட்டர் விளிம்பு. மரம் காய்ந்து சுருங்கியதில் இடைவெளி 2 மில்லிமீட்டராவது இருக்கிறது, தீப்பெட்டிக் குச்சி தாராளமாக நுழைகிறது. பெருக்கிப் பார்த்தால் 112 சதுர சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. கொக்கி போட்டு மூடிய ஒவ்வொரு ஜன்னலிலும் உள்ளங்கை அளவு ஓட்டை எப்போதும் திறந்திருக்கிறது. பத்து ஜன்னலுக்குச் சேர்த்தால் முழங்கையை விட்டு ஆட்டலாம். 2 மில்லிமீட்டர் சந்துக்குள் 10 மைக்ரான் துகள் இருநூறு பக்கம் பக்கமாக நடந்து வரலாம்.

காற்றின் தள்ளுவிசையையும் பார்க்க வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 60 நியூட்டன் அழுத்தம். 2 சதுர மீட்டர் கதவு என்றால் 12 கிலோ எடையைச் சாய்த்து வைத்ததற்குச் சமம். மேற்குச் சுவரில் தள்ளும் அதே காற்று கிழக்குச் சுவரில் உறிஞ்சும். மேற்குச் சந்து வழியாக நுழைவதும் கிழக்குச் சந்து வழியாக வெளியேறுவதும் நிற்காமல் நடக்கிறது. ஜன்னல் சேரும் இடத்துக்குக் கீழே விழுந்திருந்த கோட்டுக்கு இதுதான் காரணம்.

காற்றே அடிக்காத நாளிலும் வீடு மூச்சு விடுகிறது, இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மத்தியான வெயிலில் உள்ளே காற்று சூடாகி விரியும், இரவில் சுருங்கும். 10 டிகிரி மாறினால் கொள்ளளவில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல், எங்கள் 300 கன மீட்டர் வீட்டில் சுமார் 10 கன மீட்டர் காற்று பகலில் வெளியே போய் இரவில் திரும்ப வருகிறது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் காற்றழுத்தமும் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது, காலை பத்து, இரவு பத்து வாக்கில் உச்சம், நாலு மணி வாக்கில் தாழ்வு, 3 முதல் 4 மில்லிபார் வரை. அதனால் வருவது ஒரு கன மீட்டர் அளவுதான், ஆனாலும் கடிகாரம் மாதிரி தவறாமல் நடக்கிறது.

உள்ளே வந்த துகள் ஏன் திரும்பப் போவதில்லை என்பது அடுத்தது. கலங்கின தண்ணீரைக் குடத்தில் ஊற்றி ஆட்டாமல் வைத்தால் என்ன ஆகும்? பூட்டிய வீடும் அந்தக் குடம்தான். மின்விசிறி இல்லை, நடமாட்டம் இல்லை, காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்றில் 10 மைக்ரான் மண் துகள் 3 மீட்டர் உயரத்திலிருந்து ஆறேழு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமன் உள்ள துகளுக்கு நூறு மடங்கு நேரம், அதாவது பத்து மணி நேரம் மாதிரி ஆகும். எவ்வளவு ஆனாலும் அதற்கு எங்கே போக வேண்டிய அவசரம்? கடைசியில் விழும். விழுந்ததைக் கிளப்ப ஆளில்லை. மின்விசிறி இறக்கையைப் பார்த்தாலே இது தெரியும். ஓடும் விசிறியில் அழுக்கு இறக்கையின் முன் விளிம்பில் கரையாக அப்பிக்கொள்ளும். இந்த வீட்டு விசிறியில் மேல்பக்கம் முழுக்கச் சீராக, கம்பளம் விரித்த மாதிரி இருந்தது, முன் விளிம்பில் பழைய கரையோடு சரி. தினசரி காலண்டர் மே 21-இல் நின்றிருந்தது. அந்த எண் இருந்த தாள் சுத்தமாக இருந்தது, கட்டின் மேல் விளிம்பில் மட்டும் தூசி. செங்குத்தான பரப்பில் தூசி நிற்க ஏதாவது பிடிமானம் வேண்டும், சிலந்தி நூல் இருந்த மூலைகளில் மட்டும்தான் ஒட்டடையாகத் தொங்கியது.

இனி கணக்கு. வெளிக் காற்றில் 10 மைக்ரானுக்குக் கீழான துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருக்கலாம் என்பது இந்திய அரசு வைத்திருக்கும் வரம்பு. அந்த அளவையே எடுத்துக்கொள்வோம். வீட்டின் காற்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாக மாறுகிறது என்று வைத்தால், ஒரு நாளைக்கு 3,600 கன மீட்டர் காற்று, அதில் 0.2 கிராம் தூசி. பதினான்கு மாதத்துக்கு 90 கிராம் சொச்சம். அத்தனையும் உள்ளேயே விழுந்தாலும் ஒரு சதுர மீட்டருக்கு 1 கிராம்கூட வராது. நாங்கள் அன்றைக்குச் சொளகில் அள்ளியதோ ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

இந்த வித்தியாசம்தான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. கணக்கில் தப்பு இல்லை, கணக்கில் வராதது இருக்கிறது. அந்த 60 என்பது நுண்துகளுக்கு மட்டும். ஆடிக் காற்று கிளப்பும் மண்ணில் எடை முழுக்கப் பெரிய துகளில் இருக்கிறது. பருமன் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்கு, ஒரு 50 மைக்ரான் மணல் துகள் 5 மைக்ரான் துகள் ஆயிரத்துக்குச் சமம். அது வெகுதூரம் மிதக்காது, ஆனால் காடு ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும்போது மிதக்கத் தேவையும் இல்லை. அப்புறம் சுவரும் பரணும் கொட்டியது. குவியலைப் பிரித்துப் பார்த்த அளவில் எடையில் மூன்றில் ஒரு பங்காவது சுண்ணாம்பும் மர மாவும்தான் என்பது என் கணிப்பு.

வீட்டுத் தூசி பெரும்பாலும் மனிதத் தோல் என்று ஒரு பேச்சு எங்கும் சுற்றுகிறது. ஆளில்லாத இந்த வீட்டைப் பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். தோல் செதில் உதிர்வது உண்மை, துணி நூலும் முடியும் உதிர்வதும் உண்மை. கோயம்புத்தூரில் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடப்பது அதுதான், பஞ்சு மாதிரி. ஊர் வீட்டுத் தூசியில் அந்தப் பஞ்சு கொஞ்சமும் இல்லை. ஊதினால் புகையாக எழும்புகிற மண். ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரு நாளில் விழும் தூசி பூட்டிய வீட்டை விட அதிகமாகத்தான் இருக்கும், கதவு திறந்திருக்கிறது, செருப்பில் மண் வருகிறது, அடுப்பு எரிகிறது. ஆனால் அங்கே ஒரு வாரியலும் ஒரு கை ஈரத்துணியும் தினமும் வேலை செய்கின்றன. அம்மா அந்த வீட்டில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தினமும் காலையில் பெருக்கியிருக்கிறார்கள். ஒரு நாள் தவறாமல் அவர்கள் வெளியே கொட்டி வந்தது, பதினான்கு மாதம் கொட்டாததால் சேர்ந்து கிடந்ததைத்தான் நாங்கள் அன்றைக்குப் பார்த்தோம். அவ்வளவுதான் நடந்தது.

பெருக்கும்போது ஒரு தவறு செய்தோம். அவசரத்தில் நான் காய்ந்த வாரியலை எடுத்து முன் அறையைத் தள்ள, ஐந்து நிமிடத்தில் அறை முழுக்கப் புகை, அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு, திண்ணையில் போய் உட்கார்ந்து மருந்தை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது. நுண்துகள் கிளம்பினால் பத்து மணி நேரம் கீழே வராது என்று மேலே எழுதியதை நான் அன்றைக்கு இப்படித்தான் கற்றேன். அப்புறம் முகத்தில் துணி கட்டி, தண்ணீர் தெளித்து, மேலிருந்து கீழாக ஈரத்துணியில் துடைத்து இறங்கினோம். எலிப் புழுக்கை இருக்கும் இடத்தைக் காய்ந்த வாரியலால் தொடவே கூடாது, நனைத்துத்தான் எடுக்க வேண்டும்.

காற்றுக்காலம் முடிந்து மறுபடி பூட்டுவதற்கு முன் சில வேலைகள் செய்தோம். பரண் பலகையை எடுத்துவிட்டுக் கடப்பைக் கல் போட்டோம். மேற்கில் இருக்கும் மூன்று ஜன்னலில் இரண்டுக்கு விளிம்பு முழுக்க ஸ்பான்ஜ் பட்டை ஒட்டினோம். ஒன்றை வேண்டுமென்றே அப்படியே விட்டேன், ஒப்பிட்டுப் பார்க்க. மூன்றின் கீழும் ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டு ஒவ்வொன்று. நாற்காலி, கட்டில் மேலெல்லாம் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டிகளை விரித்தோம். பிளாஸ்டிக் விரிப்பு வாங்கலாம் என்று தம்பி சொன்னான், நான் வேண்டாம் என்றேன், அடைமழையில் அதற்கு அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். அதே காரணத்துக்காகக் கிழக்கு ஜன்னல்களை அடைக்கவில்லை, அறைக் கதவுகளையும் உள்ளே திறந்தே வைத்தோம். முழுக்க அடைத்த வீட்டில் தூசி குறையும், சுவர் நாறிப் போகும்.

2025 தையில் ஒருமுறை திறந்தபோது மூன்று தட்டும் ஏறக்குறைய ஒன்றுபோல, லேசாக மங்கி இருந்தன. அது காற்றுக்காலமே இல்லை, மழையில் காடு பச்சையாக இருந்த சமயம், எனவே அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. துடைத்து வைத்துவிட்டு வந்தோம். அந்த ஆடி முழுக்கப் பூட்டியிருந்து செப்டம்பரில் போனோம். பட்டை ஒட்டிய ஜன்னல்களின் கீழ் இருந்த தட்டில் முகம் மங்கலாகத் தெரிந்தது. ஒட்டாத ஜன்னலின் கீழ் இருந்த தட்டில் அடியில் பொறித்திருந்த அம்மாவின் பெயரே தெரியவில்லை. விரலால் தடவித்தான் எழுத்தைக் கண்டுபிடித்தேன். அடுப்படி மேடையில் மஞ்சள் மாவு துளியும் இல்லை.

மூன்றாவது ஜன்னலுக்கும் அன்றைக்கே பட்டை ஒட்டியாயிற்று. வடக்குச் சுவர் மட்டும் இன்னும் உதிர்கிறது, அதைக் கீழிருந்து மூன்றடிக்குக் கொத்திவிட்டுப் புதுப்பூச்சு பூச வேண்டும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார், சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பங்குனியில் வருகிறார். அவருக்குக் கதவு திறந்துவிடுவது அத்தைதான். கிளம்பும்போது அம்மா வீட்டுச் சாவியோடு பீரோ சாவியையும் சேர்த்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, "உள்ள வந்து உக்காந்து டிவி பாருங்க மதினி, ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஜன்னலத் திறந்து விடுங்க" என்றார்கள். அத்தைக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. பேத்தியை அனுப்புவதாகச் சொன்னார்கள்.